ஓசியில் வைத்தியக் குறிப்பு: பில் கட்டுவது யார்?

கோடியில் புரண்ட "டாக்டர் கம்பெனி" மஞ்சள் கடுதாசி கொடுத்த கதை!

(நமது நிருபர்)

இரவு 9 மணி. மருந்துக்கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம். தலைவலி மாத்திரை வாங்கப் போன என்னைக் கடைக்கார அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க பேப்பர்காரர்தானே? ஒரு சந்தேகம் கேக்கட்டுமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"இப்ப இங்க வர்றவங்க பாதிப் பேர் செல்போனைக் காட்டித்தான் பேசுறாங்க. இந்த வலிக்கு இது காரணம், அந்த மாத்திரைக்கு இந்தப் பக்க விளைவுன்னு அம்புட்டும் ஓசியில எழுதிப் போட்டிருக்கான். நான் கடைக்கு வாடகை கட்டுறேன், கரன்ட் பில் கட்டுறேன். அதை எழுதினவனுக்கு யாரு சம்பளம் குடுக்கா?"

திருட்டுக் கேஸ் என்றால் "பணம் யார் கைக்குப் போச்சு?" என்று விசாரிப்பது என் வேலை. இவர் கேட்டது தலைகீழ்க் கேள்வி. பணம் யார் கையிலிருந்து வந்தது?

"விசாரிச்சுச் சொல்றேன் அண்ணாச்சி" என்று கிளம்பினேன். விசாரித்தால் கிடைத்தது ஒரு பெரிய அமெரிக்கக் கேஸ்!

தாடி டாக்டர்

அந்தக் கேஸின் நாயகர் டாக்டர் சி.எவரெட் கூப். பிலடெல்பியாவில் பேர் பெற்ற குழந்தைகள் ஆபரேஷன் நிபுணர். மீசை இல்லாத தாடிக்காரர்.

1982 முதல் 1989 வரை அமெரிக்க அரசின் "சர்ஜன் ஜெனரல்" பதவியில் இருந்தார். நாட்டு மக்களின் ஆரோக்கியத்துக்கு அரசின் சார்பில் பேச வேண்டிய பதவி அது.

பேசினார். அதுவும் யாருக்கும் பயப்படாமல் பேசினார்.

சிகரெட்டில் இருக்கும் நிக்கோடின், ஹெராயின் போலவே ஆளை அடிமையாக்கும் என்று 1988-ல் அறிக்கை விட்டார். சிகரெட் கம்பெனிகள் ஆத்திரப்பட்டன.

எய்ட்ஸ் என்று வாயால் சொல்லவே கூசிய காலம் அது. அந்த நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று விளக்கும் துண்டுப் பிரசுரம் அதே 1988-ல் சுமார் 10 கோடியே 70 லட்சம் வீடுகளுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தது. செலவு அரசாங்கத்துடையது. படித்தவர்கள் பைசா கொடுக்கவில்லை.

"டாக்டர் கூப் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்ற பெயர் அவருக்கு வந்தது. அந்தப் பெயர்தான் பிறகு கடைவீதிக்கு வந்தது!

9 டாலர் பங்கு 45 டாலர்!

1997-ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் ஒரு கம்பெனி தொடங்கியது. நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்துத் தருவது முதல் யோசனை.

1998 ஜூலையில் அது "டாக்டர்கூப் டாட் காம்" என்ற இணையதளமாக மக்கள் முன் வந்தது. நோய் விவரம், மருந்து விவரம், இந்த மாத்திரையோடு அந்த மாத்திரை சேருமா சேராதா என்று பார்க்கும் வசதி எல்லாம் இருந்தன. எல்லாம் இலவசம்.

கூட்டம் வந்தது. கம்பெனி பங்கு மார்க்கெட்டுக்குப் போனது.

1999 ஜூன் மாதம் ஒரு பங்கு 9 டாலருக்கு விற்பனை ஆனது. 8 கோடி டாலருக்கு மேல் வசூல்! அடுத்த மாதமே அந்தப் பங்கின் விலை 45 டாலரைத் தொட்டது. கம்பெனியின் மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல் என்று கணக்குப் போட்டார்கள். 82 வயது டாக்டர் கூப்பிடம் சுமார் 11 சதவீதப் பங்குகள் இருந்தன. காகிதக் கணக்கில் அவர் பெரிய கோடீஸ்வரர்!

கல்லாவில் மட்டும் காசு சேரவில்லை.

கூட்டத்துக்கு வாடகை

ரங்கநாதன் தெருவில் ஒருவர் பெரிய தொகை பகடி கொடுத்துக் கடை பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்கு எல்லாம் இலவசமாக மோர் கொடுக்கிறார். கூட்டம் அலைமோதும். சாயங்காலம் கல்லாவைத் திறந்தால் என்ன இருக்கும்?

இந்தக் கம்பெனி செய்ததும் அதுதான்.

அப்போது அமெரிக்காவில் இன்டர்நெட்டுக்குள் நுழையும் பெரிய வாசல் "அமெரிக்கா ஆன்லைன்". அதில் இடம் பிடிக்க, 4 ஆண்டுகளில் 8 கோடியே 90 லட்சம் டாலர் கொடுப்பதாக 1999 ஜூலையில் டாக்டர்கூப் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. பங்கு விற்று வந்த பணத்தைவிட, ஒரே ஒரு ஒப்பந்தத்தில் கொடுக்கச் சம்மதித்த பணம் அதிகம்! டிஸ்னி கம்பெனியின் இணையதளத்தோடும் பல கோடி டாலருக்கு ஒப்பந்தம் இருந்தது.

கூட்டத்தைக் காட்டி விளம்பரம் பிடிக்கலாம், விளம்பரப் பணத்தில் எல்லாவற்றையும் சரிக்கட்டலாம் என்பது திட்டம். 1999-ல் மொத்த வருமானம் 1 கோடி டாலர்கூட இல்லை. நஷ்டம் 5 கோடி டாலருக்கு மேல்.

ஏன் இப்படி?

காரணம் சாதாரணமானது. பேப்பரைத் தினமும் வாங்குவீர்கள். டீயைத் தினமும் குடிப்பீர்கள். சிறுநீரகக் கல்லைப் பற்றித் தினமும் படிப்பீர்களா? உடம்பு நன்றாக இருப்பவன் நோயைத் தேடமாட்டான். நோய் வந்தவன் வருவான், பதிலைப் பார்ப்பான், போய்விடுவான். இன்று வந்தவர் நாளை வரமாட்டார் என்பதால் புதிது புதிதாக ஆள் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவரையும் பிடிக்கச் செலவு. அவர் கையிலிருந்து ஒரு பைசா வராது.

பலசரக்குக் கடைக்கு "வாடிக்கை" என்று ஒன்று உண்டு. நோய்த் தகவலுக்கு அது கிடையாது.

14 ஆஸ்பத்திரிகள்

வாசலில் காசு வராவிட்டால் கொல்லைப்புறமாகத் தேடுவது வியாபார வழக்கம். டாக்டர்கூப் தளத்தில் நடந்ததை 1999 செப்டம்பரில் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை வெளியிட்டது.

அந்தத் தளத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் 14 ஆஸ்பத்திரிகள், மருத்துவ நிறுவனங்களின் பெயர்கள். நாட்டிலேயே புதுமையும் முன்னேற்றமும் மிகுந்த நிறுவனங்கள் இவை என்ற பாராட்டும் இருந்தது.

பட்டியலில் இடம் பெற ஒவ்வொன்றும் சுமார் 40 ஆயிரம் டாலர் கொடுத்தது என்ற விவரம்தான் அங்கே இல்லை!

அவை மோசமான ஆஸ்பத்திரிகள் என்று யாரும் சொல்லவில்லை. பணம் வாங்கியதைச் சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

நினைத்துப் பாருங்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் நோய்க்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ராத்திரி தூக்கமில்லாமல் தேடுகிறாள். சிகரெட் கம்பெனிக்கே பயப்படாத டாக்டரின் பெயர் மேலே இருக்கிறது. கீழே ஒரு பட்டியல். அது விளம்பரம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சோப்பு விளம்பரத்தில் ஏமாந்தால் 40 ரூபாய் நஷ்டம். இதில் ஏமாந்தால்?

செய்தி வந்ததும் கண்டனம் கிளம்பியது. 2000-ம் ஆண்டில் இணைய மருத்துவக் கம்பெனிகள் பல சேர்ந்து, விளம்பரத்தையும் தகவலையும் பிரித்துக் காட்டுவோம் என்று நெறிமுறை எழுதிக்கொண்டன. டாக்டர்கூப் கம்பெனியும் அதில் சேர்ந்தது. அதற்குள் பெயரில் கறை பட்டுவிட்டது.

ஆடிட்டர் போட்ட குண்டு

2000 மார்ச் மாதம் அடுத்த அடி விழுந்தது. இந்தக் கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதே பெரிய சந்தேகம் என்று அதன் ஆடிட்டர்களே எழுதிவிட்டார்கள். பங்கு விலை சரிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய முதலீடாக 2 கோடியே 75 லட்சம் டாலர் வந்தது. நிர்வாகம் மாறியது. கம்பெனி கலிபோர்னியாவுக்கு இடம் பெயர்ந்தது. ஆனாலும் பிழைக்கவில்லை.

2001 டிசம்பரில் திவால். கம்பெனியை மூடி, இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் வகைத் திவால் அது.

2002-ல் அதன் பெயரையும் மிச்சமிருந்த சொத்துகளையும் வைட்டமின் மாத்திரை விற்கும் ஒரு கம்பெனி வாங்கியது. விலை 1 லட்சத்து 86 ஆயிரம் டாலர். 100 கோடி எங்கே, 2 லட்சம்கூட இல்லாத தொகை எங்கே!

சிகரெட்டை எதிர்த்த டாக்டரின் பெயரில் இருந்த கடை கடைசியில் மாத்திரை வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. டாக்டர் கூப் 2013-ல் தமது 96-வது வயதில் காலமானார்.

தப்பித்த கம்பெனி

அதே காலத்தில் தொடங்கிய "வெப்எம்டி" என்ற தளம் இன்றும் நடக்கிறது. அதற்கும் ஆரம்பத்தில் பெரும் நஷ்டம்தான். அது எப்படித் தப்பித்தது?

1999-ல் அது "ஹெல்தியன்" என்ற கம்பெனியோடு இணைந்தது. ஹெல்தியன் செய்தது குமாஸ்தா வேலை. டாக்டரின் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புவது, பதிலை வாங்கித் தருவது. அலுப்பான வேலைதான். ஆனால் பில்லுக்குப் பில் கூலி உண்டு. முன்பக்கம் இலவசத் தகவல், பின்பக்கம் கூலி வேலை. பின்பக்கம் முன்பக்கத்துக்குச் சோறு போட்டது.

பிறகு விளம்பர வருமானமும் பெருகியது. 2017-ல் அந்தத் தளம் சுமார் 280 கோடி டாலருக்கு விலை போனது.

அதன் விளம்பரதாரர்களில் மருந்துக் கம்பெனிகள் முக்கியமானவை. அமெரிக்காவில் டாக்டர் சீட்டு தேவைப்படும் மருந்தைக்கூடப் பொதுமக்களுக்கு நேரடியாக விளம்பரம் செய்யலாம். நம் நாட்டில் அத்தகைய மருந்துகளை மத்திய அரசின் அனுமதி இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது. ஆகவே அந்த வருமானத்தை நம்பி இங்கே கடை போட முடியாது.

நோயாளியே சரக்கு!

இன்னொரு வழியும் உண்டு. தகவலைக் கொடுப்பதற்குப் பதில் தகவலை வாங்கி விற்பது.

அமெரிக்காவில் ஸ்டீபன் ஹேவுட் என்ற இளைஞருக்கு 1998-ல், 29 வயதில், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோய் வந்தது. அவருடைய சகோதரர்கள் நண்பர் ஒருவருடன் சேர்ந்து 2004-ல் "பேஷன்ட்ஸ்லைக்மி" என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஒரே நோய் உள்ளவர்கள் தங்கள் அனுபவத்தை, சாப்பிடும் மருந்தை, அதனால் வந்த பலனை அங்கே எழுதலாம். ஸ்டீபன் 2006-ல் இறந்தார். தளம் வளர்ந்தது.

வருமானம்? பெயரை நீக்கிவிட்டு அந்த விவரங்களை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்றார்கள். விற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்றார்கள். அதைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் கடை கைமாறினால் சரக்கும் கைமாறும் அல்லவா? 2017-ல் சீனாவைச் சேர்ந்த ஒரு கம்பெனி அதில் பெரும் பணம் போட்டது. அமெரிக்கர்களின் நோய் விவரம் சீனக் கம்பெனி கையிலா என்று அமெரிக்க அரசு தலையிட்டது. பங்கை விற்றே தீரவேண்டிய நிலை வந்தது. 2019-ல் அந்தத் தளத்தை வாங்கியது யார் தெரியுமா? யுனைடெட்ஹெல்த் குழுமம். அமெரிக்காவின் மிகப்பெரிய மருத்துவ இன்சூரன்ஸ் வியாபாரம் அவர்களுடையது!

சொல்லாமல் கொடுத்தவர்களும் உண்டு. மருந்து விலையை ஒப்பிட்டுக் காட்டும் "குட்ஆர்எக்ஸ்" என்ற கம்பெனி, தன் வாடிக்கையாளர்களின் மருத்துவ விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற கம்பெனிகளுக்குக் கொடுத்ததாக அமெரிக்க அரசின் வர்த்தக கமிஷன் குற்றம் சாட்டியது. 2023-ல் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட அந்தக் கம்பெனி சம்மதித்தது. குற்றத்தை அது ஒப்புக்கொள்ளவில்லை.

படிப்பவரே பணம் கட்டினால்...

நல்ல உதாரணமே இல்லையா? இருக்கிறது.

பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த சிறுநீரக டாக்டர் பர்ட்டன் ரோஸ். ஆராய்ச்சி முடிவுகள் மாறிக்கொண்டே இருக்க, அச்சடித்த புத்தகம் அதற்கு ஈடுகொடுக்காது என்று பார்த்தார். 1992-ல் "அப்டுடேட்" என்ற வெளியீட்டைத் தொடங்கினார். முதலில் கம்ப்யூட்டர் தட்டுகளில் வந்தது, பிறகு இன்டர்நெட்டுக்குப் போனது.

அதைப் படிப்பவர்கள் டாக்டர்கள். சந்தா கட்டுபவர்களும் டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும்தான். மருந்துக் கம்பெனி விளம்பரம் கிடையாது. தகவல் தப்பாக இருந்தால் சந்தாதாரர் போய்விடுவார் என்ற பயம் இருப்பதால் தரத்தைக் காப்பாற்றியே தீரவேண்டும். 2008-ல் வோல்டர்ஸ் க்ளூவர் என்ற பெரிய பதிப்பகக் கம்பெனி அதை வாங்கியது. இன்றும் நடக்கிறது.

பொதுமக்களுக்கு? 1998 அக்டோபரில் அமெரிக்க அரசின் மருத்துவ நூலகம் "மெட்லைன்ப்ளஸ்" என்ற தளத்தைத் தொடங்கியது. விளம்பரம் கிடையாது. செலவு வரிப்பணத்தில். தண்ணீர் பைப் போல, தெருவிளக்குப் போல ஒரு சேவை. டாக்டர்கூப் தளம் வந்த அதே ஆண்டில் வந்தது. அது போய்விட்டது, இது இருக்கிறது.

நம் நாட்டில்...

நம் நாட்டுக் கம்பெனிகளும் இந்தக் கேள்வியில் முட்டி மோதித்தான் வழி கண்டுபிடித்தன.

2008-ல் இரண்டு எஞ்சினீயரிங் மாணவர்கள் தொடங்கியது "ப்ராக்டோ". ஒருவரின் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்றபோது மருத்துவக் குறிப்புகளை வெளியூர் டாக்டருக்கு அனுப்ப முடியாமல் திண்டாடியதில் வந்த யோசனை. ஆனால் நோயாளியிடம் காசு கேட்கவில்லை. கிளினிக் கணக்கைப் பார்க்கும் சாஃப்ட்வேரை டாக்டர்களுக்கு விற்றார்கள்.

"1எம்ஜி" தளத்தின் ஆரம்பம் மருந்துத் தகவல். மாத்திரையின் பெயரைப் போட்டால் உள்ளே என்ன இருக்கிறது, அதே மருந்து குறைந்த விலையில் எந்தப் பெயரில் கிடைக்கும் என்று சொல்லும். வருமானம் எங்கிருந்து? மருந்து விற்பனை, ரத்தப் பரிசோதனை. 2021-ல் டாடா குழுமம் அதில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் 2015-ல் தொடங்கியது "டாக்ஸ்ஆப்". செல்போனில் டாக்டரிடம் கேட்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. 2020-ல் அது "மெடிபடி" என்ற கம்பெனியோடு இணைந்தது. மெடிபடியின் பெரிய வாடிக்கை, ஊழியர்களுக்காகப் பணம் கட்டும் கம்பெனிகள்.

மூன்றிலும் ஒரு விஷயம் பொது. தகவலை விற்று யாரும் பிழைக்கவில்லை. தகவல் வாசல் கோலம். வியாபாரம் உள்ளே வேறு.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறோம், அவர் மாத்திரை விற்பவர் என்று தெரிந்தே கேட்கிறோம். அது கண்ணுக்குத் தெரிகிற வியாபாரம். கண்ணுக்குத் தெரியாத வியாபாரத்தில்தான் ஆபத்து.

வாசகர்களே, செல்போனில் வைத்தியக் குறிப்பு படிக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்:-

1. இந்தத் தளம் எதை விற்றுப் பிழைக்கிறது? மருந்தா, பரிசோதனையா, விளம்பரமா? எதுவும் தெரியவில்லை என்றால், விற்பனை ஆவது உங்கள் விவரமாக இருக்கலாம்.

2. "சிறந்த ஆஸ்பத்திரி", "சிறந்த டாக்டர்" என்று பட்டியல் இருந்தால், காசு வாங்கிப் போட்டதா என்று எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா?

3. பேர், வயது, நோய், போன் நம்பர் கேட்டால், எதற்கு என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். படிப்பதற்குப் போன் நம்பர் தேவையில்லை.

எதைப் படித்தாலும் மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டரைப் பார்த்த பிறகுதான்.

மறுபடி அண்ணாச்சி கடைக்குப் போய் முழுக் கதையையும் சொன்னேன். கல்லாவில் சாய்ந்தபடி கேட்டார்.

"அப்படின்னா தம்பி, டாக்டர் ஊசியைத் தப்பாப் போடல. வாடகையைத்தான் தப்பாக் கணக்குப் போட்டிருக்காரு."

"ஆமா அண்ணாச்சி. வாடகைக்குப் பணம் தேடப் போய்த்தான் பட்டியல்ல வந்து நின்னுச்சு."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இனிமே யாராவது போனைக் காட்டி மருந்து கேட்டா, யாரு எழுதினதுன்னு நானும் ஒரு வார்த்தை கேக்கேன். நம்ம கடையில என்ன விக்கோம்னு போர்டுலயே எழுதியிருக்கு. அவன் போர்டுலயும் எழுதட்டுமே!"